முத்திரை இல்லாத சாமியார்

என் மனைவி என்னோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள்.

இதைக் கேட்டதும் கல்யாணமான ஆண்கள் எல்லோரும் 'கொடுத்துவைத்தவன்' என்று பெருமூச்சு விடுவீர்கள். நானும் முதலில் அப்படித்தான் இருந்தேன். வீட்டுக்குள் விசில்கூட அடித்தேன். ஒரு வாரம் போனதும் விசில் நின்றது. அடுத்த வாரம் பசி நின்றது. ஒரு மாதம் ஆனபோது நான் ஒரு மாபெரும் தீர்மானத்துக்கு வந்தேன். அந்தச் சாமியாரை ஒரு கை பார்த்துவிடுவது!

சாமியார் யார் என்பதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் முத்திரை ஆய்வாளர். கடைகளில் தராசும் எடைக்கல்லும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று சோதிப்பது என் வேலை. ஒழுங்காக இருந்தால் முத்திரை குத்துவேன். இல்லாவிட்டால் கடைக்காரரைக் குத்திக்காட்டுவேன். ஊரில் எனக்குப் பெயரே 'தராசு'தான். நான் தெருமுனையில் திரும்பினாலே காய்கறிக்காரரின் கை தட்டிலிருந்து தானாக விலகிக்கொள்ளும். எந்தப் பொருளையும் கையில் தூக்கியே எடை சொல்லுவேன். ஆளையும் அப்படியே. பார்த்தவுடன் எடை போட்டுவிடுவேன். மனைவியை மட்டும் இத்தனை வருடத்தில் எடை போட முடிந்ததில்லை. முயன்றால், "இப்ப என்ன, குண்டாயிட்டேன்னு சொல்றீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவாள்.

இரவுச் சாப்பாட்டின்போது தொழில் ரகசியங்களை அவளிடம் அவிழ்த்துவிடுவது என் வழக்கம். "தராசு பொய் சொல்லுதான்னு சந்தேகம் வந்தா, ரெண்டு தட்டுலயும் இருக்கறதை இடம் மாத்தி வெச்சுப் பாரு. நல்ல தராசுன்னா அப்பவும் ஒரே எடைதான் காட்டும்" என்பேன். "எடையை எடுத்ததும் பூஜ்யத்துக்குத் திரும்பி வரணும். வராம அரைக்கால்வாசியிலயே ஒட்டிக்கிட்டு நின்னா, அது திருட்டுத் தராசு" என்பேன். அவள் குழம்புப் பாத்திரத்துக்குள் பார்த்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்பாள். சுவரிடம் பேசுகிறோம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பேசிக்கொண்டிருந்தேன். திட்டுகிற சுவர் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அந்தச் சுவர்தான் இப்போது வாயை மூடிவிட்டது.

என்னென்னவோ செய்து பார்த்தேன். கடைசியில் பிரம்மாஸ்திரத்தையே எடுத்தேன். குளித்துவிட்டு ஈரத் துண்டைப் படுக்கையில் போடுவது. எங்கள் இல்லறத்தின் ஆதிச் சண்டை அது. கல்யாணமான முதல் வாரத்தில் தொடங்கியது.

"படுக்கைல ஈரத் துண்டு போட்டிருக்கேன்" என்றேன்.

"சரிங்க."

"மறந்து போடலை. வேணும்னேதான் போட்டேன்."

"சரிங்க."

"உன் தலையணை மேல போட்டிருக்கேன்."

"சரி. எடுத்துக் காயப்போட்டுடறேன்."

போட்டாள். அதோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் புதுப் பழக்கம்தான். ஏதோ தியானக் குளியல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் பக்கத்துத் தெருவில், அச்சகத்துக்கு மேல்மாடியில் இருந்தார். மாடி வீட்டு அக்காதான் இவளை அங்கே அழைத்துப் போனது. தரையில் பாய், ஒரு மின்விசிறி, ஒரு சாமியார். எல்லோரும் அவரைப் 'பூஜ்யர்' என்றார்கள்.

"பூஜ்யரா? எங்க ஆபீஸ்ல பூஜ்யம்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்" என்று இவளிடம் கிண்டல் செய்தேன்.

"அவரும் அதைத்தாங்க சொல்றார்."

"எதை?"

"தான் ஒண்ணுமில்லைன்னு."

ஒரு மனிதரைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டால் அப்புறம் அவரை எப்படித் திட்டுவது? பலே ஆசாமி என்று நினைத்தேன். இந்த மாதிரிப் பணிவெல்லாம் தட்டுக்கு அடியில் ஒட்டவைத்த புளி மாதிரி. மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

அப்போதுதான் பரணிலிருந்து பெட்டி இறங்கியது.

ஒரு நாள் மாலை வீட்டுக்குள் நுழைந்தால், எங்கள் பழைய தோல் பெட்டி கூடத்தில் துடைத்துப் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது.

"இது எதுக்கு?"

"மலைமேல அவங்களுக்கு ஒரு இடம் இருக்காம். போனா ஆறு மாசம் தங்கலாமாம். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள பேர் கொடுக்கணும்."

"யார் பேரை?"

"பார்க்கலாம்" என்றாள்.

மறுநாள் அவள் கடைக்குப் போயிருந்தபோது பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். பூட்டியிருந்தது. பூட்டினால் என்ன, என் கைக்குத் தெரியாதா? கண்ணை மூடி நிதானமாக எடை பார்த்தேன். அடியில் கனம், மேலே மெத்தென்று. சந்தேகமே இல்லை, பெண்பிள்ளைத் துணி. போகத் தீர்மானித்துவிட்டாள். அந்த எரிச்சலில், என் நல்ல சட்டைகள் சிலவற்றைக் காணோம் என்று அன்று மாலை வீடு அதிரக் கத்தினேன். அதற்கும் "சரிங்க" என்றாள்.

மறைப்பானேன், எனக்குப் பயம் வந்துவிட்டது. மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதிலிருந்து இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் எதைச் சொன்னாலும் அவள் மறுப்பாள். நான் விவாதிப்பேன். கடைசியில் தோற்றுப்போய்க் கடைக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். இவளும் போய்விட்டால் நான் யாரிடம் தோற்பது?

என் நிலைமை முழுதாகத் தெரிந்தவர் ஒருவர்தான். எங்கள் அலுவலக ஜீப் ஓட்டுநர். வருடக்கணக்காக என்னைக் கட்டி இழுப்பவர். எங்கள் சந்துக்குள் ஜீப் நுழையாது என்பதால் தெருமுனையோடு திரும்பிவிடுவார். வீட்டுப் படி ஏறியதில்லை. நான் தாமதமாகும் நாட்களில் வீட்டுக்குப் போன் போட்டு எனக்குப் பதிலாகத் திட்டு வாங்குவதும் அவர்தான். சவரம் செய்யச் சோம்பல்பட்டே மார்பு வரை தாடி வளர்த்திருந்தார். குரல், தொண்டைக்குள் இரண்டாவது எஞ்சின் ஓடுகிற மாதிரி இருக்கும். அந்தத் தாடியைப் பார்த்தபோதுதான் எனக்கு யோசனை பிறந்தது.

"சாமியாரா? நானா சார்?"

"ஒரு மணி நேரம்தான்."

"எனக்கு மந்திரமெல்லாம் வராது சார்."

"வரவே வேண்டாம். நீ போலி."

"போலியா இருக்கவும் தெரியாது சார்."

தொழில் முறைப்படி அவருக்கு விளக்கினேன். 'என் கல் சரியான கல்' என்று ஒரு கடைக்காரர் சாதித்தால் நான் வாதாட மாட்டேன். குறைந்த எடைக் கல் ஒன்றை அவர் கையிலேயே கொடுத்து, எப்படியிருக்கிறது என்று கேட்பேன். 'அருமையான கல்' என்பார். அவ்வளவுதான், அதற்கப்புறம் அவர் வாய் திறக்க முடியாது. அதே வழிதான் இங்கேயும். என் மனைவி இந்தப் போலிச் சாமியைக் கும்பிட வேண்டும். கும்பிட்ட கையோடு, "ஐயோ, இது எங்க ஜீப் டிரைவராச்சே!" என்று நான் கூவ வேண்டும். அசல் எது, போலி எது என்று தனக்குத் தெரியாது என்பது அவளுக்கே புரிந்துபோகும். பூஜ்யர் காலி. பெட்டி பரணுக்குப் போய்விடும்.

ஓட்டுநர் தாடியைச் சொறிந்தார். "அம்மாகிட்ட பொய் சொல்லணுமா சார்?"

"பொய்யே வேண்டாம்ப்பா. பேசாம உக்காரு. ஏதாவது கேட்டா உண்மையையே சொல்லு. பொதுவான உண்மை. 'எல்லாம் கடந்து போகும்'ங்கற மாதிரி."

"அது டிராஃபிக்ல நிக்கும்போது சொல்றதாச்சே சார்."

"வீட்லயும் சொல்லலாம். உண்மையை மட்டும் சொல்லு, போதும்."

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை மத்தியானம் சாமியாரை அழைத்து வந்தேன். உடுப்புக்கு எங்கள் அலமாரியிலிருந்தே மஞ்சள் படுக்கை விரிப்பு ஒன்றை உருவியிருந்தேன். அதைச் சுற்றிக்கொண்டு படியேறி வந்தபோது, சும்மா சொல்லக் கூடாது, எனக்கே கும்பிடத் தோன்றியது.

"இவர் ரொம்பத் தூரத்துலேர்ந்து வந்திருக்கார்" என்றேன். "முக்காலமும் தெரிஞ்சவர்."

என் மனைவி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். விரிப்பின் மூலையை இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பார்த்தாள். "வாங்க சாமி" என்றாள்.

அந்த எஞ்சின் குரலில் 'வணக்கம்' என்றார் சாமி. அவள் புருவம் லேசாக ஏறி இறங்கியது. பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

சாமி சோபாவில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வலது கை தானாகத் தோளுக்கு மேலே போய் எதையோ தேடியது. சீட் பெல்ட்! நான் இருமினேன். கையை இறக்கிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். மறுபடி இருமினேன்.

"சாமி, ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றாள் என் மனைவி.

சாமி கையை உயர்த்தினார். அதுவரை பிரமாதம். அப்புறம் பழக்கதோஷம், விரல்கள் தாமாகவே மடங்கி மடங்கி விரிந்தன. "வா... வா... வா... இன்னும் கொஞ்சம்... போதும்!"

"இது என்னங்க?"

"முத்திரை" என்றேன் அவசரமாக. "பெரிய ஞானிகள் கையில பிடிக்கிற முத்திரை."

"உங்க ஆபீஸ் முத்திரையாக்கும்னு நினைச்சேன்."

நிலைமையைச் சமாளிக்க வேண்டுமே! பக்தியில் நான் முந்திக்கொண்டால் அவள் பின்னால் வருவாள் என்று ஒரு கணக்குப் போட்டேன். எழுந்து கைகூப்பி நின்று, "சாமி, இனிமே நீங்க என்ன சொன்னாலும் அதும்படி நடப்பேன். இது சத்தியம்!" என்றேன், குரல் தழுதழுக்க.

"பெரிய வார்த்தை சொல்றீங்க" என்றாள்.

"சத்தியம்னா சத்தியம்தான்!"

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அவள் சாமிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். "சாமி, எனக்கு ஒரு சந்தேகம். நாட்ல நல்ல குருவும் இருக்காங்க, போலியும் இருக்காங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

இதற்கு நான் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. சாமி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"வந்தும்மா..." என்று இழுத்தார். "ஒருத்தர் நல்லா ஓட்டறாரான்னு தெரியணும்னா, அவர் பேச்சைக் கேக்கக் கூடாது. பின்னாடி உக்காந்திருக்கறவங்களைப் பார்க்கணும். கம்பியை இறுக்கிப் பிடிச்சுட்டு இருந்தா ஆள் சரியில்லை. நிம்மதியாத் தூங்கினா நல்ல ஓட்டுநர்." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதாவது... வாழ்க்கைங்கற வண்டியைச் சொல்றேன்."

என் மனைவி சிரித்துவிட்டாள்.

ஒரு மாதத்துக்கப்புறம் அந்தச் சிரிப்பு. வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற சிரிப்பு. இந்த இடத்தில்தான் நான் "ஐயோ, இது எங்க டிரைவராச்சே!" என்று கூவியிருக்க வேண்டும். திட்டம் அதுதான். ஆனால் நான் அவளைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"முக்காலமும் தெரிஞ்ச சாமி, இதையும் சொல்லிடுங்க. இவர் ஒரு மாசமா தினம் லேட்டா வர்றார். ஆபீஸ் நேரத்துக்கு முடிஞ்சுடுது. அப்புறம் எங்க போறார்?"

சாமிக்குக் கண்ணால் ஜாடை காட்டினேன். புருவத்தால் காட்டினேன். காலால்கூடக் காட்டினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். 'உண்மையை மட்டும் சொல்லச் சொன்னது நீங்கதானே சார்' என்று அந்தக் கண் கேட்டது.

"எங்கயும் போறதில்லைம்மா" என்றார். "நம்ம தெருமுனையிலதான். ஜீப்பை ஓரங்கட்டச் சொல்லுவார். ஆனா இறங்க மாட்டார். வீட்டு ஜன்னலைப் பார்த்துட்டே உக்காந்திருப்பார். 'இறங்கலையா சார்'னு கேட்டா, 'உள்ள சத்தமே இல்லைப்பா, போகவே பயமா இருக்கு'ம்பார். 'ஏன் இவ்வளவு நேரம்னு ஒரு வார்த்தை திட்ட மாட்டேங்கறா'ம்பார். நேத்து அழுதுட்டார்மா."

"கண்ல தூசி!" என்று கத்தினேன்.

"கண்ணாடி ஏத்தியிருந்துச்சே சார்" என்றார் சாமி.

என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் ஓடும் சத்தம் கேட்டது. அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. சாமி விரிப்பின் நுனியைப் பிசைந்துகொண்டு, "தப்பா சொல்லிட்டேனா சார்?" என்று கிசுகிசுத்தார்.

அவள் டீயோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. முதல் டம்ளரைச் சாமியிடம் நீட்டினாள்.

"டீ குடிங்க தம்பி. அந்த விரிப்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்குங்க. டீக் கறை பட்டா போகாது."

"தம்பியா? அவர் சாமி!" என்றேன்.

"'அம்மா, சார் கிளம்பிட்டார்மா, கோவிச்சுக்காதீங்கம்மா'ன்னு எத்தனை வருஷமா போன்ல கேக்கற குரல்? எனக்குத் தெரியாதா? குரலை விடுங்க. என் வீட்டு விரிப்பை எனக்கு அடையாளம் தெரியாதா? மூலையில பாருங்க, நீங்க இஸ்திரி போடறேன்னு பொசுக்கின இடம்."

ஓட்டுநர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். "மன்னிச்சுடுங்கம்மா."

"நீங்க எதுக்குத் தம்பி? இந்த வீட்ல இன்னிக்கு உண்மை பேசினது நீங்க ஒருத்தர்தான். போறதுக்கு முன்னாடி எனக்காக ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"சொல்லுங்கம்மா, சொல்றேன்."

"ஈரத் துண்டைக் கொடியிலதான் போடணும்."

"ஈரத் துண்டைக் கொடியிலதான் போடணும் சார்."

"ராத்திரி பாத்திரம் நீங்கதான் கழுவணும்."

"ராத்திரி பாத்திரம் நீங்கதான் கழுவணும் சார்."

"இதென்ன அக்கிரமம்!" என்று குதித்தேன். "இவன் போலி! முத்திரையே இல்லாத சாமி!"

"சாமி போலிதாங்க" என்றாள் அவள், நிதானமாக. "நீங்க பண்ணின சத்தியம் அசலா, அதுவும் போலியா?"

ஓட்டுநர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, விரிப்பை மடித்து வைத்துவிட்டு ஓடியே போய்விட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்திருந்தோம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம்தான் தூக்கி வைத்துக்கொள்வது? கனத்தது.

"அந்தப் பூஜ்யரை மட்டும் எப்படி நம்பினே?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லிக்கொடுத்தபடிதான்."

"நானா?"

"சாப்பிடும்போது இத்தனை வருஷமா வேற என்ன பேசியிருக்கீங்க? தட்டை மாத்தி வெச்சுப் பார்த்தேன். ஒரு நாள் அவரை ஆகா ஓகோன்னு புகழ்ந்தேன். மறுநாள் மாடி வீட்டு அக்காவை விட்டுக் கன்னாபின்னான்னு திட்டச் சொன்னேன். ரெண்டுக்கும் ஒரே சிரிப்பு. முள் அசையலை."

"ம்."

"அப்புறம் ஒரு வாரம் போகவே இல்லை. ஏன் வரலைன்னு ஆள் விடலை, போன் பண்ணலை. திரும்பிப் போனப்போ, 'வாம்மா'ன்னார், நேத்துதான் பார்த்த மாதிரி. எடையை எடுத்தா பூஜ்யத்துக்கு வரணும்பீங்களே? வந்தார். வராம ஒட்டிக்கிட்டிருந்தா நான் ஏன் போறேன்? போலியெல்லாம் வந்தவங்களைப் பிடிச்சு வெச்சுக்கும். இவர், 'வீட்ல யாரும்மா தனியா இருக்காங்க, சீக்கிரம் போ'ன்னு துரத்தி விடறார்."

சுவர் என்று நினைத்தேன். சுவர் பாடம் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. பெருமையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"சரி, என்னோட ஏன் சண்டை போடறதை விட்டே? அதுவும் அவர் உபதேசமா?"

"வீட்ல ஒரே சண்டைன்னு சொன்னேன். 'ஒரு மாசம் நிறுத்திப் பாரு'ன்னார். எனக்குக் காதுல 'நிறுத்துப் பாரு'ன்னு விழுந்துது."

"என்னது?"

"தராசுல வெச்சு நிறுக்கறதுன்னு நினைச்சேன். உங்களோட குடித்தனம் பண்ணினா வேற எப்படி விழும்? சண்டையை எப்படி நிறுத்துப் பார்க்கறதுன்னு ரொம்ப யோசிச்சேன். அப்புறம், அதை எடுத்து ஓரமா வெச்சுட்டு வீடு எவ்வளவு சாயுதுன்னு பார்ப்போம்னு தோணிச்சு. இதைப் பூஜ்யர்கிட்ட சொன்னப்போ விழுந்து விழுந்து சிரிச்சார். 'நான் சொன்னதைவிட உனக்குக் கேட்டதுதாம்மா சரி'ன்னார்."

"எவ்வளவு சாய்ஞ்சுது?"

"நீங்க ஜீப்ல உக்காந்து அழற அளவுக்கு."

"தூசி."

"சரி, தூசி."

"உன் பக்கம்? உனக்கு ஒண்ணுமே இல்லையா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தினம் குளியலறைக்குள்ள போய்த் தண்ணியைத் திறந்து விட்டுட்டு, உங்களை ஒரு பாட்டம் திட்டிட்டுத்தான் வருவேன். இல்லைன்னா தூக்கம் வரலை."

தியானக் குளியல்! நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கையின் எடை மட்டும் எனக்கு இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் பூ மாதிரி இருக்கும், ஒரு நாள் என் குடும்பத்தையே தூக்குகிற மாதிரி இருக்கும்.

"இனிமே அப்படிச் சும்மா இருக்காதே" என்றேன். "என்ன வேணா திட்டிக்கோ."

"கையை விடுங்க, எண்ணெய்ப் பிசுக்கு. டீ குடிச்ச டம்ளரை அப்படியே வெச்சுட்டு உக்காந்திருக்கீங்களே, ஈ மொய்க்காதா? ஒரு மாசமா இந்த வீடு இருக்கிற லட்சணத்தைப் பார்த்தீங்களா? செருப்பு ஒரு பக்கம், சாவி ஒரு பக்கம்..."

காதில் தேன் பாய்ந்தது. டம்ளர்களை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அவள் பின்னாலேயே வந்து, நான் கழுவுகிற அழகைத் திட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் விசிலோடு விடிந்தது. முதல் வேலையாக ஏணியை எடுத்துப் பரணுக்கு அடியில் போட்டேன்.

"பெட்டியை மேல ஏத்திடட்டுமா?"

"சரிங்க" என்றாள் உள்ளிருந்து.

"அப்படிச் சொல்லாதே, பகீர்ங்குது. திட்டிட்டுச் சொல்லு."

"ஏத்தித் தொலைங்களேன்!"

ஆனந்தமாகப் பெட்டியைத் தூக்கினேன். அது இப்போது பூட்டியிருக்கவில்லை. ஏணியின் நடுவில் வாயைத் திறந்து, பாதி சரக்கை என் தலையில் கொட்டியது. முதலில் விழுந்தது என் நீலச் சட்டை. அப்புறம் வெள்ளைச் சட்டை. என் கம்பளிச் சட்டை. என் சவரப் பெட்டி. என் பழைய மூக்குக் கண்ணாடி. பெண்பிள்ளைத் துணி என்று பேருக்கு ஒரு கைக்குட்டைகூட இல்லை.

"ஏய்! இதெல்லாம் என்னோடதாச்சே!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வாசற்படியில் வந்து நின்றாள். "ஆமா."

"மலைக்குப் போறது நீன்னு நினைச்சேனே!"

"நான் எதுக்குங்க போறேன்? சோதனையில தேறாத கல்லைத்தானே திருப்பி அனுப்பணும்?"

ஏணியில் நின்றபடியே கேட்டேன். "அப்ப... நான் தேறிட்டேனா?"

"தேறிட்டீங்க."

"சட்டையெல்லாம் எடுத்து அலமாரில வெச்சுடட்டுமா?"

"வேண்டாம், அப்படியே மடிச்சுப் பெட்டியிலயே வெச்சு மேல ஏத்துங்க" என்றாள். "முத்திரை ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும்னு நீங்கதானே சொல்வீங்க?"